மாதா மாதம் ஒரு கொலை! பாக்கெட் நாவல் எழுத்தாளர்கள் பிழைக்கும் பிழைப்பு

கொலை செய்வது சுலபம். அதையே மாதா மாதம் செய்ய வேண்டும் என்றால்தான் கஷ்டம்!

இது ஜெயிலில் இருக்கும் ஆசாமியின் வாக்குமூலம் அல்ல. பாக்கெட் நாவல் எழுதுகிறவர்களின் பாடு!

பஸ் நிலையக் கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் சின்னப் புத்தகம். அட்டையில் மிரண்ட விழிகளோடு ஒரு பெண். பக்கத்தில் துப்பாக்கி. உள்ளே சாணித்தாளில் சுமார் 100 பக்கம். பஸ் ஏறியதும் பிரித்தால், இறங்குவதற்குள் கொலைகாரன் பிடிபட்டு விடுவான்.

படிப்பவருக்கு 2 மணி நேர வேலை. எழுதியவருக்கு?

அங்கேதான் இருக்கிறது சமாசாரம்!

1,500 நாவல்!

கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். சிறுகதைகள் 2 ஆயிரத்தைத் தொடும். இவருடைய துப்பறியும் நாயகன் விவேக்கும், மனைவி ரூபலாவும் பல வீடுகளில் சொந்தக்காரர்கள் மாதிரி.

1,500 என்பது சும்மா சொல்லிவிட்டுப் போகிற எண்ணிக்கை அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

45 வருடம் எழுதியதாக வைத்துக் கொண்டாலும், வருடத்துக்கு 33 நாவல். அதாவது 11 நாளைக்கு ஒன்று. நாவலுக்கு 100 பக்கம் என்றால், தினமும் 9 அச்சுப் பக்கம் எழுதியாக வேண்டும். தீபாவளி, பொங்கல், காய்ச்சல், தலைவலி எதற்கும் லீவு கிடையாது!

புத்தகமா? பத்திரிகையா?

இந்த அவசரம் எதற்காக? காரணம், பாக்கெட் நாவல் பார்ப்பதற்குத்தான் புத்தகம். வியாபாரத்தில் அது பத்திரிகை!

மாத இதழ் என்று பதிவு செய்து, அதே பெயரில் மாதம் ஒரு நாவல் போடுவார்கள். 1969-ல் வந்த 'ராணி முத்து' இந்த வழியைப் போட்டுக் காட்டியது. பிறகு 'மாலைமதி', 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று வரிசையாக வந்தன. ஜி.அசோகன் நடத்திய பாக்கெட் நாவலும் க்ரைம் நாவலும் 1980-களிலும் 90-களிலும் கடைக்குக் கடை தொங்கின.

பத்திரிகை என்பதால் புத்தகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தினசரி பேப்பர் போடும் ஏஜெண்டே கட்டுக் கட்டாக எடுத்துப் போவார். டீக்கடை, பெட்டிக்கடை, ரெயில் நிலைய ஸ்டால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம்.

அடுத்த மாத இதழ் வந்த உடனே, போன மாத நாவலைக் கயிற்றிலிருந்து இறக்கி விடுவார்கள். விற்காத பிரதிகள் 'ரிட்டர்ன்' ஆகும். அப்புறம் எடைக்குப் போகும்.

ராவெல்லாம் கண் விழித்து எழுதிய நாவலின் ஆயுசு 30 நாள்தான்!

கடையில் இதழ் வராவிட்டால் வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? "என்னண்ணே, இந்த மாசம் இன்னும் வரலையா?" என்று ஒரு நாள் கேட்பார். இரண்டு நாள் கேட்பார். மூன்றாவது நாள் பக்கத்தில் தொங்குவதை வாங்கிக் கொண்டு போய் விடுவார். அதனால்தான் "கதை வரவில்லை" என்ற சாக்கு இந்தத் தொழிலில் எடுபடாது.

முதல் பக்கத்திலேயே பிணம்

கடையில் நின்றபடியே முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வாங்குகிற கூட்டம் அதிகம். எனவே முதல் பக்கத்தில் சூரிய உதயம், தென்றல் காற்று எல்லாம் எழுதிக் கொண்டிருக்க முடியாது. போன் மணி அடிக்க வேண்டும். கதவு தட்டப்பட வேண்டும். முடிந்தால் ஒரு பிணம் விழ வேண்டும்!

அடுத்து அத்தியாயம். ஒவ்வொன்றும் 5, 6 பக்கத்துக்கு மேல் போகாது. கடைசி வரியில் ஒரு அதிர்ச்சி கட்டாயம். "கதவைத் திறந்தவன் அப்படியே உறைந்து போனான்" என்ற மாதிரி. எதைப் பார்த்து உறைந்தான்? அடுத்த அத்தியாயத்தில் சொல்ல மாட்டார்கள். அதற்கு அடுத்ததில்தான் சொல்வார்கள்.

இதற்குப் பெயர் இரண்டு டிராக் முறை. ராஜேஷ்குமார் கதைகளில் இது பிரசித்தம்.

ஒற்றைப்படை அத்தியாயத்தில் கோவையில் ஒரு கல்யாண வீடு. இரட்டைப்படை அத்தியாயத்தில் டெல்லியில் ஒரு விஞ்ஞானி. இரண்டுக்கும் துளி சம்பந்தம் இருக்காது. 80 பக்கம் தாண்டியதும் இரண்டும் 'டமால்' என்று ஒரே இடத்தில் மோதும்!

இதில் எழுதுகிறவருக்கு ஒரு சவுகரியம் உண்டு. ஒரு பக்கம் கதை திணறினால் மறு பக்கம் தாவி விடலாம். வாசகருக்கும் அலுப்புத் தட்டாது. ஆனால் முடிச்சுப் போடும் இடத்தில் கோட்டை விட்டால் போச்சு. வாசகரிடமிருந்து கார்டு பறந்து வரும்!

ஏன் எப்போதும் ஜோடி?

துப்பறிகிறவர் தனியாக வருவதே அபூர்வம். சுஜாதாவுக்கு வக்கீல்கள் கணேஷ், வசந்த். பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத், சுசீலா. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து 'சுபா' என்ற ஒரே பெயரில் எழுதினார்கள். அவர்களுக்கு நரேந்திரன், வைஜயந்தி.

இதில் தொழில் ரகசியம் இருக்கிறது.

துப்பறிகிறவன் மனசுக்குள்ளேயே யோசித்துக் கொண்டிருந்தால் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். படிக்கிறவர் கொட்டாவி விடுவார். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் கேள்வி கேட்பார். இவர் பதில் சொல்வார். கதையும் நகரும், பக்கமும் நிரம்பும். வாசகருக்குப் புரியாத சந்தேகத்தை அந்த இரண்டாவது ஆளே கேட்டு விடுவார். நடுவில் கொஞ்சம் கிண்டல், குறும்பு சேர்த்துக் கொள்ளலாம். வசந்த் அடிக்கும் ஜோக்குக்காகவே தொடர்கதை படித்தவர்கள் உண்டு. சுசீலாவின் பனியனில் இந்த மாதம் என்ன வாசகம் என்று தேடியவர்களும் உண்டு!

எல்லோரும் கொலையை நம்பிப் பிழைக்கவில்லை. ரமணிசந்திரன் நாவலில் ரத்தம் கிடையாது. காதல், ஊடல், கடைசியில் கல்யாணம். பெண்கள் வாடகை நூல் நிலையத்தில் சொல்லி வைத்து வாங்கிப் போனார்கள். மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் காலமான இந்திரா சவுந்தர்ராஜன், சித்தர், கோவில், மர்மம் என்று தனிப் பாதை போட்டார்.

ஒரே ஆள் இரண்டு வேஷம் போட்டதும் உண்டு. 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான், கிளுகிளுப்புக்குப் பேர் போன புஷ்பா தங்கதுரை! பக்திக்கு ஒரு பேர், பரபரப்புக்கு ஒரு பேர். 2013-ல் அவர் காலமாகும் வரை இரண்டு பேருக்கும் தனித்தனி வாசகர்கள் இருந்தார்கள்.

தாத்தா காலத்துத் துப்பறிவாளர்கள்

இது ஏதோ நேற்று முளைத்த தொழில் அல்ல. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி, ஊர் பேரை மாற்றி, தமிழில் அடுக்கிக் கொண்டே போனார். ஜே.ஆர்.ரங்கராஜு 'துப்பறியும் கோவிந்தன்' என்ற பாத்திரத்தை இறக்கினார். வடுவூர் துரைசாமி அய்யங்கார் 'திகம்பர சாமியார்' என்ற துப்பறிவாளரைப் படைத்தார். அந்தச் சாமியார் 1950-ல் சினிமாவாகவும் வந்தார். சாமியாராக நடித்தவர், பின்னாளில் வில்லனாக மிரட்டிய எம்.என்.நம்பியார்!

பெண்களும் சளைக்கவில்லை. திருவல்லிக்கேணி வை.மு.கோதைநாயகி அம்மாள், எழுதப் பழகாத காலத்தில் கதையை வாயால் சொல்லித் தோழியை எழுத வைத்தவர். அவரே பிறகு 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல் எழுதினார்.

அப்புறம் 'கல்கண்டு' தமிழ்வாணன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'துணிவே துணை'. அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்தபடி யோசித்தால் எப்பேர்ப்பட்ட மர்மமும் உடையும். 1977-ல் தமிழ்வாணன் மறைந்தார். சங்கர்லாலை இன்றும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாதியில் நின்ற கதை

எழுத்தாளருக்கு எதிரி அச்சகம் மட்டும் அல்ல.

1980-களில் 'குமுதம்' வார இதழில் சுஜாதா 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்ற தொடர்கதை தொடங்கினார். 1857 சிப்பாய்க் கலகத்தைப் பின்னணியாகக் கொண்ட கதை. ஒரு சமூகத்தைக் கேவலப்படுத்துவதாக எதிர்ப்புக் கிளம்பியது. தொடர் பாதியில் நிறுத்தப்பட்டது.

பிறகு மாற்றி எழுதி, 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் மறுபடியும் கொண்டு வந்தார்.

சுஜாதாவுக்குப் பெயரும் இருந்தது, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலையும் இருந்தது. சமாளித்துக் கொண்டார். எழுத்தை மட்டும் நம்பி அடுப்பு எரிக்கிறவருக்கு இப்படி ஒரு தொடர் நின்றால் அந்த மாதம் அரிசிக்கு என்ன செய்வார்?

போலீசார் சிரிக்கும் இடங்கள்

மர்மக் கதைகளில் வழக்கமாக வரும் சில 'டூப்பு'களைக் கேட்டால் போலீஸ்காரர்களுக்குச் சிரிப்பு வரும்.

டாக்டர் பிணத்தைத் தொட்டுப் பார்த்து, "ராத்திரி 10-15-க்கு இறந்திருக்கிறார்" என்பார். நிஜத்தில் எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல முடியாது. உடல் விறைப்பது இமை, தாடையில் ஆரம்பித்து சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவும். பிறகு விட்டுப் போகும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே தொடங்கி, சீக்கிரமே விட்டு விடும். எனவே "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்" என்றுதான் சொல்வார்கள்.

வில்லன் கைக்குட்டையில் குளோரோபார்ம் ஊற்றி மூக்கில் வைப்பான். 2 விநாடியில் கதாநாயகி சாய்ந்து விடுவாள். இதுவும் கப்சா! பல நிமிடம் விடாமல் முகர்ந்தால்தான் மயக்கம் வரும்.

ராத்திரியோடு ராத்திரியாகப் பிரேத பரிசோதனை நடத்தி விடுவார்கள். 2021 நவம்பரில், வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் பொழுது சாய்ந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுத்தது வாஸ்தவம். ஆனால் கொலை, தற்கொலை, பலாத்காரம் போன்ற வழக்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டம் ஒழுங்கு கெடும் என்ற நிலை இருந்தால்தான் விதிவிலக்கு.

முக்கியமான இன்னொன்று. கொலை என்றால் '302' என்று எழுதிக் கை பழகி விட்டது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதுச் சட்டம். இப்போது கொலைக்குப் பிரிவு 103. மோசடிக்கு '420' போய் 318 வந்து விட்டது. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவுதான். ஆகவே நாவல் எழுதுகிறவர் கதை எந்த வருடம் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்து கொள்ள வேண்டும்!

செல்போன் செய்த சதி

முன்பெல்லாம் கதாநாயகி ஆபத்தில் மாட்டினால் காப்பாற்ற 3 அத்தியாயம் பிடிக்கும். டிரங்க் கால் கிடைக்காது. தந்தி தாமதமாகும். போன் ஒயரை வில்லன் அறுத்து விடுவான்.

2013 ஜூலையில் தந்தியே போய் விட்டது. இன்று பூக்காரம்மா கையிலும் செல்போன். தெருவுக்கு நாலு கேமரா. எந்த டவரில் யார் போன் இருந்தது என்று போலீசார் எடுத்து விடுகிறார்கள். பழைய மர்மக் கதையில் பாதி, முதல் அத்தியாயத்திலேயே முடிந்து போகும்!

அதனால் இப்போது எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை கொலை அல்ல. போனை சார்ஜ் இல்லாமல் ஆக்குவது!

டி.வி. பிடித்துக் கொண்டது

1993-ல் சன் டி.வி. வந்தது. சாயங்காலம் நாவல் பிரித்த கை ரிமோட்டைப் பிடித்தது. வாடகை நூல் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. மாத நாவல்களும் இளைத்துப் போயின.

கில்லாடிகள் அங்கேயும் நுழைந்தார்கள். இந்திரா சவுந்தர்ராஜனின் 'மர்மதேசம்' டி.வி.யில் ஊரையே உட்கார வைத்தது. சுபா இருவரும் சினிமாவுக்குப் போய், கே.வி.ஆனந்த் இயக்கிய 'அயன்' (2009), 'கோ' (2011) படங்களில் எழுத்துப் பணி செய்தார்கள்.

எதிர்பாராத இடத்திலும் கதவு திறந்தது. 2008-ல் சென்னை 'பிளாஃப்ட்' பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், தமிழ்வாணன் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டது. மொழிபெயர்த்தவர் பிரீதம் சக்கரவர்த்தி. "அதெல்லாம் குப்பை" என்று மூக்கைச் சுளித்தவர்கள், அதே கதையை வழவழ காகிதத்தில் ஆங்கிலத்தில் வாங்கிப் படித்தார்கள்!

2016 கடைசியில் அமேசானின் 'கிண்டில்' தமிழை ஏற்றுக் கொண்டது. 'பிரதிலிபி' போன்ற செயலிகளில் இல்லத்தரசிகள் பலர் தொடர்கதை எழுதுகிறார்கள். கிண்டில் சந்தா முறையில், வாசகர் எத்தனை பக்கம் படித்தாரோ அத்தனைக்குத்தான் காசு. நடுவில் மூடி வைத்தால் காசும் அங்கேயே நின்று விடும். அத்தியாயக் கடைசியில் திருப்பம் வைக்கும் பழைய வித்தைக்கு மறுபடியும் மவுசு!

கையெழுத்துப் போடுமுன்...

ஒரு நாவலுக்கு மொத்தமாக ஒரு தொகை. வாங்கினால் கணக்கு முடிந்தது. மறுபடி அச்சானாலும், அட்டையை மாற்றி விற்றாலும், எழுதியவருக்கு நயா பைசா வராது. இந்தத் தொழிலில் பெரும்பாலும் நடந்தது இதுதான். அடுத்த மாதக் கதைக்கு இடம் வேண்டுமே என்று யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை விற்றால் எழுத்து மூலமாகக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் எழுதாமல் விட்டால் 5 வருடம்தான் கணக்கு. அப்புறம் உரிமை எழுதியவரிடமே திரும்பி விடும். எந்த நாட்டில் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், வேறு மாதிரி எழுதிக் கொண்டிருந்தால் ஒழிய, அந்த உரிமையும் காலாவதி!

எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் குடும்பத்துக்கு உரிமை உண்டு. 1942-ல் காலமான வடுவூராரின் கதைகளை 2003 முதல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 2008-ல் காலமான சுஜாதாவின் கதைகளுக்கு 2068 வரை குடும்பத்தாரைக் கேட்க வேண்டும்.

100 பக்கத்தில் எத்தனையோ உயில், எத்தனையோ பத்திரம் எழுதி முடிச்சுப் போட்டவர்கள், தங்கள் சொந்தப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனைவி, மக்கள் பின்னால் போய்க் கேட்கும்போது காட்டுவதற்குத் துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை.

பரணில் இருக்கிறதா பாருங்கள்

இப்போது அவசரமான விஷயம் வேறு.

சாணித்தாள் 40 வருடம் தாங்குவதே பெரிய காரியம். பழுத்து, ஓரம் உதிர்ந்து, தொட்டால் பொடியாகும். பின் துருப்பிடித்து நடுப் பக்கம் கழன்று விழும். பழைய புத்தகங்களுக்குப் பேர் போன சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது எத்தனை கட்டு போனதோ!

எழுதியவர் பலரிடமே தன் நாவல் எல்லாவற்றுக்கும் பிரதி கிடையாது. மாதம் மூன்று எழுதியவர் எதையென்று கட்டி வைப்பார்?

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் வெகுஜன நாவல்களையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தச் சேகரிப்பைத் தொடங்கியவரே செட்டிநாட்டுக் கோட்டையூரில் தனி ஆளாகப் புத்தகம் சேர்த்த ரோஜா முத்தையாதான்.

வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், அட்டை கிழிந்த மாத நாவல் கட்டு கிடக்கலாம். அத்தையோ, சித்தப்பாவோ பைண்டு பண்ணி வைத்த தொடர்கதை இருக்கலாம். எடைக்குப் போட்டால் டீ குடிக்கக் கூடக் காசு தேறாது. போடுவதற்கு முன்னால் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் ஒரு தடவை பார்த்து விடுங்கள்.

அந்த நாவலுக்கு உங்கள் வீட்டில் கிடப்பதுதான் கடைசிப் பிரதியாக இருந்தாலும் இருக்கும்!